கார்ல் லெம்லி

கார்ல் லெம்லி (1867 ஜனவரி 17 – 1939 செப்டம்பர் 24) ஜெர்மனியிலிருந்து அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த திரைப்படத் தயாரிப்பாளர். யுனிவர்சல் நிறுவனத்தைத் தோற்றுவித்தவர்களில் முதன்மையானவர். எடிசன் தரப்பின் காப்புரிமைக் கூட்டணியை நீதிமன்றத்தில் எதிர்த்து நின்று, சுயேச்சையாகப் படமெடுப்போருக்கு வழி திறந்தவர். 'ஆல் கொயட் ஆன் தி வெஸ்டர்ன் ஃபிரண்ட்', 'டிராகுலா', 'ஃபிராங்கன்ஸ்டைன்' ஆகியவை அவருடைய நிறுவனம் எடுத்த படங்கள். திரை வரலாற்று நூல்கள் பலவும் அவரைப் பற்றி இந்த அளவோடு நிறுத்திக்கொள்கின்றன. 1936இல் நிறுவனம் கைவிட்டுப் போன பிறகு அவர் செய்த வேலை அவற்றில் ஓரிரு வரிகளில் முடிந்துவிடும். நாஜி ஜெர்மனியில் அகப்பட்டிருந்த யூதர்கள் அமெரிக்க விசா பெறுவதற்காக, அவர்களுக்குத் தாமே பொறுப்பு என்று உறுதிமொழிப் பத்திரங்களில் கையெழுத்திட்டுக்கொண்டே இருந்தார். அந்தக் கையெழுத்துகளால் 300க்கும் மேற்பட்டோர் உயிர் தப்பினர். அவர் எடுத்த படங்கள் எல்லாவற்றையும்விட இதற்கே இக்கட்டுரை கூடுதல் இடம் தருகிறது.

பிறப்பும் பயணமும்

தெற்கு ஜெர்மனியில், அன்றைய வூர்ட்டம்பெர்க் அரசுக்கு உட்பட்ட லௌப்ஹைம் என்ற சிற்றூரில் யூதக் குடும்பமொன்றில் லெம்லி பிறந்தார். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் வூர்ட்டம்பெர்க்கின் பெரிய யூதச் சமூகங்களுள் ஒன்று அந்த ஊரில் இருந்தது. யூதர்களும் கிறித்தவர்களும் அடுத்தடுத்த தெருக்களில் வாழ்ந்து, ஒரே சந்தையில் வணிகம் செய்தார்கள். தந்தை வசதி குறைந்த வணிகர். வீட்டில் பிள்ளைகள் பலர் பிறந்தும் பிழைத்தவர்கள் சிலரே. 13 வயதில் லெம்லி பள்ளியை விட்டு, பவேரியாவின் இக்கன்ஹௌசன் ஊரில் எழுதுபொருள் மொத்த வியாபாரம் செய்த கடையொன்றில் வேலை பழகச் சேர்ந்தார். கணக்கெழுதவும் சரக்கு நிர்வாகம் செய்யவும் அங்கேதான் கற்றுக்கொண்டார்.

1883இல் தாய் இறந்தார். மறு ஆண்டின் தொடக்கத்தில், 17 வயதில், 'நெக்கர்' என்ற கப்பலில் ஏறி லெம்லி நியூயார்க் போய்ச் சேர்ந்தார். அண்ணன் ஜோசப் அதற்கு முன்பே அமெரிக்காவில் இருந்தார். முன்னே போனவர் பின்னே வருபவருக்கு வழி காட்டும் குடிபெயர்வு முறை லெம்லிக்குத் தம் வாழ்வின் முதல் அடியிலேயே அறிமுகமானது. பிற்காலத்தில் அவர் செய்த பலவற்றுக்கும் இங்கே வேர் இருக்கிறது.

நியூயார்க்கில் மருந்துக் கடையில் எடுபிடி வேலை, சிகாகோவில் செய்தித்தாள் விற்பனை, தெற்கு டகோட்டாவில் பண்ணை வேலை, மறுபடியும் சிகாகோவில் கணக்கர் வேலை என்று பத்து ஆண்டுகள் ஓடின. 1889இல் அமெரிக்கக் குடியுரிமை கிடைத்தது. 1894இல் விஸ்கான்சின் மாநிலத்தின் ஆஷ்காஷ் நகரில் ஒரு துணிக்கடையில் கணக்கராகச் சேர்ந்து, பின் மேலாளர் ஆனார். 1898இல் கடை உரிமையாளரின் உறவுப் பெண்ணான ரேக்கா ஸ்டெர்னை மணந்தார். ரோசபெல், ஜூலியஸ் என்று இரண்டு பிள்ளைகள். இந்த ஜூலியஸ்தான் பின்னாளில் தந்தையின் பெயரையே எடுத்துக்கொண்டு கார்ல் லெம்லி ஜூனியர் ஆனவர்.

நாற்பது வயதை நெருங்கும்போது லெம்லியின் கையில் இருந்தது துணிக்கடை அனுபவமும் சில ஆயிரம் டாலர் சேமிப்பும். சினிமாவுக்கும் அவருக்கும் அதுவரை ஒரு தொடர்பும் இல்லை.

கொட்டகைக்காரர்

1906இல் சொந்தமாக மலிவு விலைக் கடை வைக்கும் எண்ணத்தோடு லெம்லி சிகாகோ திரும்பினார். இடம் தேடி அலைந்தபோது, நிக்கல் நாணயம் ஒன்று, அதாவது 5 சென்ட், கொடுத்து அசையும் படம் பார்க்கக் காத்திருந்த கூட்டம் அவர் கண்ணில் பட்டது. அந்தக் கூட்டத்தின் தலைகளை அவர் எண்ணினார் என்பது அவரைப் பற்றி எல்லோரும் சொல்லும் கதை. கணக்கராக இருந்த ஒருவர் அப்படிச் செய்திருப்பார் என்று நம்பலாம். அதே ஆண்டு பிப்ரவரி 24 அன்று மில்வாக்கி அவென்யூவில் 'ஒயிட் ஃபிரண்ட்' என்ற கொட்டகையைத் திறந்தார். குடும்பத்தோடு வரும் பெண்கள் தயங்காமல் உள்ளே வரவேண்டும் என்பதற்காக, முகப்புக்கு வெள்ளையடித்துச் சுத்தமாக வைத்திருந்தார்.

கொட்டகைக்குப் புதிய படச்சுருள்கள் நேரத்துக்கு வந்து சேரவில்லை. வந்தவையும் கீறல் விழுந்தவை. அதனால் விநியோகத்தையும் தாமே கையில் எடுத்தார். லெம்லி ஃபிலிம் சர்வீஸ் சில ஆண்டுகளில் நாட்டின் பெரிய விநியோக நிறுவனங்களுள் ஒன்றாக வளர்ந்தது. ஆஷ்காஷ் காலத்தில் துணிக்கடை விளம்பரங்களை எழுதித் தந்து பழக்கமான ராபர்ட் காக்ரன் இதில் பங்காளியானார். லெம்லியின் பெயரில் வெளிவந்த கூர்மையான விளம்பர வாசகங்களுக்குப் பின்னால் பெரும்பாலும் இருந்தது காக்ரனின் பேனா.

காப்புரிமைக் கூட்டணியுடன் வழக்கு

1908 டிசம்பரில் எடிசன், பயோகிராஃப், வைட்டகிராஃப், பாத்தே உள்ளிட்ட நிறுவனங்கள் தங்களிடமிருந்த காப்புரிமைகளை ஒன்றுசேர்த்து 'மோஷன் பிக்சர் பேட்டன்ட்ஸ் கம்பெனி' என்ற கூட்டணியை அமைத்தன. தொழிலில் எல்லோரும் இதை 'டிரஸ்ட்' என்றார்கள். கேமராவுக்கும் புரொஜெக்டருக்கும் காப்புரிமை டிரஸ்டிடம் இருந்தது. கச்சாப் படச்சுருள் தயாரித்த ஈஸ்ட்மன் கோடாக் நிறுவனமும் டிரஸ்டின் உரிமம் பெற்றவர்களுக்கு மட்டுமே சுருள் விற்க ஒப்புக்கொண்டது. ஒவ்வொரு கொட்டகையும் தன் சொந்தப் புரொஜெக்டரை ஓட்டுவதற்கு வாரம் 2 டாலர் கட்டவேண்டும். டிரஸ்டின் படங்களைத் தவிர வேறு படம் திரையிடக்கூடாது. காசு கொடுத்து வாங்கிய கருவிக்கு வாரவாரம் கப்பம் கட்டும் ஏற்பாடு இது.

லெம்லி முதலில் உரிமம் வாங்கினார். 1909 ஏப்ரலில் வெளியேறினார். படம் கிடைக்கும் வழி அடைபட்டதும் தாமே எடுக்கத் தொடங்கினார். இன்டிபென்டென்ட் மூவிங் பிக்சர்ஸ் என்ற அவருடைய நிறுவனத்தை அதன் ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து 'இம்ப்' என்பார்கள். முதல் படமான 'ஹயவாதா' அந்த ஆண்டு அக்டோபரில் வெளிவந்தது. டிரஸ்ட் அவர்மீது அடுக்கடுக்காக வழக்குப் போட்டது. மூன்று ஆண்டுகளில் 289 நடவடிக்கைகள் என்பது வழக்கமாகக் குறிப்பிடப்படும் எண்ணிக்கை. லெம்லியும் காக்ரனும் வக்கீல்களோடு நிற்கவில்லை. வணிக இதழ்களில் 'ஜெனரல் ஃபிளிம்கோ' என்ற கேலிச்சித்திரப் பாத்திரத்தை உலவவிட்டு டிரஸ்டின் முகத்தை நாடு முழுக்கக் காட்டினார்கள். கப்பம் கட்டிக்கொண்டிருந்த சிறு கொட்டகைக்காரர்களுக்கு அது தெம்பு தந்தது.

இந்த வழக்குகளின் உச்சம் 1917 ஏப்ரல் 9. 'மோஷன் பிக்சர் பேட்டன்ட்ஸ் கம்பெனி எதிர் யுனிவர்சல் ஃபிலிம் மானுஃபாக்சரிங் கம்பெனி' வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அன்று தீர்ப்பளித்தது. நியூயார்க்கின் ஒரு கொட்டகையில் இருந்த புரொஜெக்டரில், டிரஸ்டின் படங்களை மட்டுமே இதில் ஓட்டலாம் என்ற நிபந்தனை பொறித்த தகடு இருந்தது. அதில் யுனிவர்சலின் படங்கள் ஓடின. கருவியின் மீதுள்ள காப்புரிமையைக் காட்டி, அந்தக் கருவியில் எந்தப் படம் ஓடவேண்டும் என்று கட்டளையிட உரிமையாளருக்கு அதிகாரமில்லை என்று நீதிபதி ஜான் கிளார்க் எழுதினார். ஹோம்ஸ் உள்ளிட்ட மூன்று நீதிபதிகள் மாறுபட்டனர். அதற்கு முன்பே, 1915இல், வணிகப் போட்டிச் சட்டத்தின்கீழ் டிரஸ்ட் சட்டவிரோதமானது என்று கூட்டாட்சி நீதிமன்றம் சொல்லிவிட்டது. கருவி ஒன்றை விற்றுவிட்டு அதில் போடவேண்டிய பொருளையும் கட்டாயப்படுத்தும் நிறுவனங்கள் பற்றிய வாதங்களில் அமெரிக்க வழக்கறிஞர்கள் இன்றும் இந்தத் தீர்ப்பை எடுத்துப் பேசுகிறார்கள்.

நடிகைக்குப் பெயர்

டிரஸ்ட் நிறுவனங்கள் நடிகர்களின் பெயர்களை வெளியிடுவதில் தயக்கம் காட்டின. பெயர் தெரிந்தால் சம்பளம் கேட்பார்கள் என்ற அச்சம் அதில் இருந்தது. 'பயோகிராஃப் பெண்' என்று மட்டுமே ரசிகர்கள் அறிந்திருந்த ஃபுளோரன்ஸ் லாரன்ஸை லெம்லி இம்ப்புக்கு அழைத்து வந்தார். 1910 மார்ச்சில் செயின்ட் லூயிஸ் நகரில் அவர் டிராம் விபத்தில் இறந்துவிட்டதாக ஒரு வதந்தி பரவியது. அதைப் பொய் என்று கண்டித்து இம்ப் ஒரு விளம்பரம் வெளியிட்டது. வதந்தியைக் கிளப்பியதே இம்ப்தான் என்பது பொதுவான நம்பிக்கை. சில நாள் கழித்து லாரன்ஸ் நேரில் அந்த நகருக்கு வந்தபோது கூட்டம் நெருக்கித் தள்ளியது. திரை நட்சத்திரம் என்ற நிலை அமெரிக்காவில் உருவான கதையில் இது தவறாமல் இடம்பெறும். அந்த ஆண்டின் முடிவில் மேரி பிக்ஃபோர்டும் இம்ப்புக்கு வந்தார். டிரஸ்டின் தொல்லை எட்டாத தொலைவில், கியூபாவில், அவருடைய படங்கள் சில எடுக்கப்பட்டன.

யுனிவர்சல்

1912இல் இம்ப்பும் வேறு சில சுயேச்சை நிறுவனங்களும் இணைந்து யுனிவர்சல் ஆனது. பங்காளிகளுக்குள் ஓயாத சண்டை. ஒவ்வொருவராக விலக, 1920 வாக்கில் நிறுவனம் ஏறக்குறைய லெம்லியின் கைக்கு வந்தது. 1915 மார்ச் 15 அன்று லாஸ் ஏஞ்சல்ஸுக்கு வடக்கே சான் ஃபெர்னாண்டோ பள்ளத்தாக்கில், 230 ஏக்கர் பரப்பில் யுனிவர்சல் சிட்டி திறக்கப்பட்டது. தனித் தபால் நிலையம், காவல், மருத்துவமனை எல்லாம் கொண்ட படப்பிடிப்பு நகரம் அது. வாயில் சாவியை லெம்லியிடம் கொடுத்தவர் அந்நகரின் காவல் தலைவர் லாரா ஓக்லி என்ற பெண். 25 சென்ட் கொடுத்தவர்கள் படிக்கட்டு இருக்கைகளில் அமர்ந்து படப்பிடிப்பைப் பார்க்கலாம். ஊமைப்பட காலம் என்பதால் பார்வையாளரின் கைதட்டல் எதையும் கெடுக்கவில்லை. பேசும் படம் வந்ததும் இந்த ஏற்பாடு நின்றது.

1910களில் யுனிவர்சல் போலப் பெண் இயக்குநர்களுக்கு வாய்ப்புத் தந்த பெரிய நிறுவனம் வேறில்லை. லோயிஸ் வெபர், ஐடா மே பார்க், கிளியோ மேடிசன், ரூத் ஆன் பால்ட்வின் ஆகியோர் அங்கே படங்களை இயக்கினார்கள். வெபர் அந்தக் காலத்தில் மிக உயர்ந்த ஊதியம் பெற்ற இயக்குநர்களுள் ஒருவர். இந்த வரலாறு நெடுங்காலம் மறக்கப்பட்டிருந்தது வருந்தத்தக்கது. லெம்லியின் செயலாளராக இருந்த இர்விங் தால்பெர்க் 20 வயதில் படப்பிடிப்பு நகரத்தின் பொது மேலாளர் ஆனார். லான் சேனி நடித்த 'தி ஹன்ச்பேக் ஆஃப் நோட்ர டாம்' (1923), 'தி ஃபாண்டம் ஆஃப் தி ஆபெரா' (1925) ஆகியவை அக்காலத்துப் பெரும் படங்கள்.

உறவுக்காரர்கள்

நிறுவனத்தில் எல்லோரும் லெம்லியை 'அங்கிள் கார்ல்' என்றே அழைத்தார்கள். நாம் மாமா, சித்தப்பா, பெரியப்பா என்று பிரித்துச் சொல்லும் உறவுகள் எல்லாம் அந்த ஒரு சொல்லில் அடங்கின. அழைத்தவர்களில் பலருக்கு அவர் உண்மையிலேயே அந்த முறைதான். ஆண்டுதோறும் ஐரோப்பா போய் லௌப்ஹைமில் தங்குவார். திரும்பும்போது உறவுக்காரப் பையன்கள், ஊர்க்காரர் பிள்ளைகள் என்று யாரையாவது அழைத்து வருவார், அல்லது பின்னால் வர ஏற்பாடு செய்வார். யுனிவர்சலின் சம்பளப் பட்டியலில் 70 உறவினர்கள் வரை இருந்ததாகச் சொல்வதுண்டு. ஹாலிவுட் இதை வைத்து நன்றாகச் சிரித்தது. கவிஞர் ஆக்டன் நாஷ் அவருடைய பெருங்குடும்பத்தைக் கேலிசெய்து எழுதிய இரண்டடி அமெரிக்காவில் பலருக்கும் மனப்பாடம்.

நிர்வாகக் கண்ணால் பார்த்தால் அந்தச் சிரிப்பில் நியாயம் உண்டு. வேலை தெரியாத உறவினர்களால் நிறுவனத்துக்கு நட்டம் வந்தது. ஆனால் அவர்களோடு வந்தவர்களில் வில்லியம் வைலரும் ஒருவர். அல்சாஸ் பகுதியின் முல்ஹௌஸ் நகரைச் சேர்ந்த அவருடைய தாய் லெம்லிக்கு உறவு. 1920இல் 18 வயதில் வந்த வைலருக்கு நியூயார்க் அலுவலகத்தில் கடைநிலை வேலை. கப்பல் கட்டணம் வாரச் சம்பளத்தில் பிடிக்கப்பட்டது. பின்னாளில் சிறந்த இயக்குநருக்கான ஆஸ்கர் விருதை மூன்று முறை பெற்றவர் இவர். கார்ல்ஸ்பாட் நகரில் லெம்லியைப் பேட்டி காண வந்த இளைஞர் பால் கோனரும் அதே காலத்தில் அமெரிக்காவுக்கு வந்து சேர்ந்தார். 1938இல் அகதிக் கலைஞர்களுக்கு உதவ ஐரோப்பியத் திரைப்பட நிதியம் தொடங்கப்பட்டபோது அதை முன்னின்று நடத்தியவர்களில் கோனரும் இருந்தார். அழைத்து வரப்பட்டவரே அழைத்து வருபவராக மாறியதற்கு அவர் நல்ல சான்று.

சொந்த ஊரும் முதல் உலகப் போரும்

போரின்போது லெம்லியின் நிறுவனம் ஜெர்மன் பேரரசரைக் கொடியவராகச் சித்திரித்த 'தி கைசர், தி பீஸ்ட் ஆஃப் பெர்லின்' (1918) படத்தை வெளியிட்டது. ஜெர்மன் நாளிதழ்கள் இதை மறக்கவே இல்லை. அதே லெம்லி போர் முடிந்த உடனே லௌப்ஹைமுக்கு உணவும் உடையும் பணமும் அனுப்பினார். மதம் பாராமல் ஊர் ஏழைகள் அனைவருக்கும் உதவி போய்ச் சேர்ந்தது. 1919இல் நகரம் அவரைக் கௌரவக் குடிமகனாக்கியது. ஒரு தெருவுக்கும் அவர் பெயர் வைக்கப்பட்டது. நாஜிக்கள் வந்ததும் அந்தப் பெயர்ப்பலகை போயிற்று.

1930: பெர்லினில் வெள்ளெலிகள்

எரிக் மரியா ரெமார்க்கின் போர் எதிர்ப்பு நாவலைப் படமாக்கும் உரிமையை 1929இல் லெம்லி பெற்றார். மகன் ஜூனியர் அப்போது 21 வயதில் தயாரிப்புத் தலைவராகப் பொறுப்பேற்றிருந்தார். லூயிஸ் மைல்ஸ்டோன் இயக்கிய 'ஆல் கொயட் ஆன் தி வெஸ்டர்ன் ஃபிரண்ட்' சிறந்த படத்துக்கும் சிறந்த இயக்கத்துக்குமான ஆஸ்கர் விருதுகளை 1930இல் வென்றது. ஜெர்மன் சிப்பாய்களின் துயரை அமெரிக்கர்கள் பரிவோடு காட்டிய படம் இது. லெம்லி இதைப் பிறந்த நாட்டோடு தமக்கிருந்த பழைய மனக்கசப்பைத் தீர்க்கும் கைகுலுக்கலாக நினைத்தார்.

நடந்தது வேறு. அதே ஆண்டு செப்டம்பர் தேர்தலில் நாஜிக் கட்சி 107 இடங்கள் பெற்று நாடாளுமன்றத்தின் இரண்டாவது பெரிய கட்சியாகியிருந்தது. டிசம்பர் 5 அன்று பெர்லின் நோலண்டார்ஃப் சதுக்கத்துக் கொட்டகையில், கோயபல்ஸ் தலைமையில் வந்த நாஜிக்கள் நாற்றக் குண்டுகளை வீசி, வெள்ளெலிகளை அவிழ்த்துவிட்டு, யூதர்கள் என்று தாங்கள் நினைத்தவர்களை அடித்தார்கள். ஆறு நாளில் தணிக்கைத் துறை படத்தையே தடைசெய்தது. அடித்தவர்கள் கேட்டது அவர்களுக்குக் கிடைத்துவிட்டது. 1931இல் காட்சிகளை வெட்டிய பிரதிக்கு அனுமதி கிடைத்தபோது, அந்த வெட்டுகளை உலகெங்கும் செய்யவேண்டும் என்ற நிபந்தனைக்கு யுனிவர்சல் இணங்கியது. டிரஸ்டிடம் வாரம் 2 டாலருக்காக வளையாதவர் இங்கே வளைந்தார். ஜெர்மன் சந்தையை இழக்கும் அச்சம் இதன் காரணம். அவருடைய பணிவாழ்வில் இது ஒரு குறை.

ஆனால் அந்த டிசம்பர் அவருக்குக் கண்ணைத் திறந்தது. 1932 ஜனவரியில், ஹிட்லர் ஆட்சிக்கு வர ஓராண்டு இருக்கும்போதே, பத்திரிகை அதிபர் வில்லியம் ராண்டால்ஃப் ஹெர்ஸ்டுக்கு அவர் கடிதம் எழுதினார். ஹிட்லர் ஆட்சியைப் பிடித்தால் தற்காப்பற்ற யூத ஆண்கள், பெண்கள், குழந்தைகள் மீது நாடு தழுவிய தாக்குதல் நடக்கும். உங்கள் பத்திரிகைகள் இப்போதே குரல் கொடுக்கவேண்டும் என்பது அதன் சாரம். தம் கணிப்புத் தவறாகப் போகவேண்டும் என்று கடவுளை வேண்டுவதாகவும் எழுதியிருந்தார்.

நிறுவனம் கைமாறுதல்

1931இல் 'டிராகுலா'வும் 'ஃபிராங்கன்ஸ்டைன்'னும் நிறுவனத்தைத் தாங்கிப் பிடித்தன. ஆயினும் சொந்தமாகப் பெரிய கொட்டகைத் தொடர் இல்லாத யுனிவர்சலைப் பெருமந்தம் கடுமையாகத் தாக்கியது. 'ஷோ போட்' படத்தை முடிப்பதற்காக ஸ்டாண்டர்ட் கேபிடல் என்ற நிதி நிறுவனத்திடம் 7,50,000 டாலர் கடன் வாங்கப்பட்டது; குறித்த காலத்துக்குள் 55 லட்சம் டாலர் தந்து யுனிவர்சலையே வாங்கிக்கொள்ளும் உரிமை கடன் கொடுத்தவருக்கு. 1936 வசந்த காலத்தில் அவர்கள் அந்த உரிமையைப் பயன்படுத்தினார்கள். தந்தையும் மகனும் வெளியேறினர். சில வாரத்தில் வெளிவந்த 'ஷோ போட்' வெற்றிபெற்றது, லாபம் புதியவர்களுக்கு.

உறுதிமொழிப் பத்திரங்கள்

அமெரிக்காவின் 1924ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம் ஒவ்வொரு நாட்டுக்கும் ஆண்டு ஒதுக்கீடு வைத்திருந்தது. ஜெர்மனிக்கு 25,957, ஆஸ்திரியா விழுங்கப்பட்ட பிறகு இரண்டுக்கும் சேர்த்து 27,370. இந்த எண்ணிக்கையே போதாது. கொடுமை என்னவென்றால் 1930களில் பெரும்பாலான ஆண்டுகளில் இதுவும் நிரப்பப்படவில்லை. ஹிட்லர் ஆட்சிக்கு வந்த 1933இல் பத்தில் ஒரு பங்குகூட வழங்கப்படவில்லை. அரசின் உதவியை நம்பி வாழக்கூடும் என்று தூதரக அதிகாரி சந்தேகித்தால் விசாவை மறுக்கலாம் என்ற விதி 1930 முதல் இறுக்கமாகக் கடைப்பிடிக்கப்பட்டது. ஜெர்மன் அரசோ யூதர்களின் உடைமைகளைப் பறித்து வெறுங்கையோடுதான் வெளியே விட்டது. கையில் காசில்லாமல் வெளியேற்றுகிறது ஒரு நாடு. காசில்லாதவர் வரக்கூடாது என்கிறது இன்னொரு நாடு.

இந்த இடுக்கில் இருந்த ஒரே சந்து, அமெரிக்கக் குடிமகன் ஒருவர் தரும் உறுதிமொழிப் பத்திரம். வருபவரை நான் தாங்குவேன், அவர் அரசுக்குப் பாரமாக மாட்டார் என்று நோட்டரி முன் கையெழுத்திட்டு, வருமான வரிக் கணக்கு, வங்கிக் கையிருப்பு, சொத்து விவரம் எல்லாவற்றையும் இணைத்து அனுப்பவேண்டும். இன்று புலம்பெயர்ந்த தமிழ்க் குடும்பங்கள் 'ஸ்பான்சர்' என்று சொல்வதன் பழைய வடிவம். அந்தச் சொல்லுக்குப் பின்னால் எத்தனை காத்திருப்பு இருக்கும் என்று அவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

லெம்லி முதலில் உறவினர்களுக்குக் கொடுத்தார். பிறகு லௌப்ஹைம்காரர்களுக்கு. பிறகு லௌப்ஹைமைத் தாண்டி, முன்பின் பார்த்திராதவர்களுக்கும். 1936க்குப் பிறகு இது அவருடைய முழுநேர வேலையாகிவிட்டது. யுனிவர்சலை விற்று வந்த பணம் அவருக்கு ஓய்வுகாலச் செல்வமாக இருந்ததைவிட, பத்திரங்களில் காட்டும் கையிருப்பாகவே அதிகம் பயன்பட்டது எனலாம். வந்திறங்கியவர்களுக்கு வேலையும் தங்குமிடமும் தேடிக் கொடுக்கும் பொறுப்பையும் ஏற்றுக்கொண்டார்.

தடை தூதரகத்திலிருந்தே வந்தது. லௌப்ஹைம் பகுதியின் விண்ணப்பங்கள் ஷ்டுட்கார்ட்டிலிருந்த அமெரிக்கத் துணைத் தூதரகத்துக்குப் போயின. இத்தனை பேருக்கு ஒரே ஆள் எப்படிப் பொறுப்பேற்க முடியும்? எழுபது வயதைக் கடந்தவர் எத்தனை ஆண்டு இருப்பார்? சொந்தமில்லாதவர்களை அவர் ஏன் தாங்கவேண்டும்? இப்படிக் கேட்டு அதிகாரிகள் அவருடைய பத்திரங்களை ஒதுக்கத் தொடங்கினார்கள். இரத்த உறவு இருந்தால்தான் உறுதிமொழிக்கு மதிப்பு என்பது அவர்களுடைய அளவுகோல். லெம்லியால் அதை ஏற்க முடியவில்லை. 1938 ஏப்ரலில் வெளியுறவு அமைச்சர் கார்டெல் ஹல்லுக்கே எழுதினார். வாழ்நாளில் வேறெதற்காகவும் தம் மனம் இவ்வளவு துடித்ததில்லை என்றும், செல்வம் படைத்த யூதர் ஒவ்வொருவரும் இதற்குத் தோள் கொடுக்கவேண்டும் என்றும் அக்கடிதத்தின் உள்ளடக்கம். பத்திரம் கிடைக்காவிட்டால் ஆயிரக்கணக்கானோர் தற்கொலைக்குத் தள்ளப்படுவார்கள் என்றும் அவர் எச்சரித்து வந்தார்.

தம் கையெழுத்து செல்லாது என்று ஆகும்போது, செல்லக்கூடிய கையெழுத்துகளைத் தேடினார். பிள்ளைகள், உறவினர்கள், தொழில் நண்பர்கள் என்று தெரிந்தவர்களிடமெல்லாம் இன்னாருக்கு ஒரு பத்திரம் கொடுங்கள் என்று கேட்டார். ஒரு காலத்தில் சம்பளப் பட்டியலைக் கெடுத்ததாகச் சொல்லப்பட்ட உறவுக்கூட்டம் இப்போது பொறுப்பேற்பவர்களின் வரிசையானது. ஊர் விட்டு வந்தவன் ஊரை அழைத்துக்கொள்ள வேண்டும் என்ற அவருடைய பழைய பழக்கம் நிறுவன நிர்வாகத்தில் பிழையாகவும் உயிர்காக்கும் நேரத்தில் பயிற்சியாகவும் இருந்தது. இரண்டையும் ஒரே மனிதரின் ஒரே குணமாகப் பார்த்தால்தான் லெம்லியைப் புரிந்துகொள்ள முடியும்.

1938 நவம்பர் 9, 10 நாட்களில் ஜெர்மனியெங்கும் யூதக் கோயில்களும் கடைகளும் கொளுத்தப்பட்டன. லௌப்ஹைமின் யூதக் கோயிலும் எரிந்தது. ஆண்கள் டாக்கௌ முகாமுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். வெளிநாட்டு விசா கிடைக்கும் என்று காட்டினால் விடுதலை உண்டு என்பதால், கலிஃபோர்னியாவிலிருந்து வரும் ஒரு கடித உறை சிறைக் கதவின் சாவியாகிவிட்டது. ஹிட்லர் ஆட்சிக்கு வந்தபின் 1939 நிதியாண்டில்தான் ஜெர்மன் ஒதுக்கீடு முதன்முறையாக முழுதும் நிரம்பியது. அதற்குள் காத்திருப்பு வரிசை பல ஆண்டுகளுக்கு நீண்டிருந்தது. பத்திரம் இருந்தும் வரிசையில் தங்கள் எண் வராததால் பயணம் செய்ய முடியாமல் போனவர்களும் உண்டு. 1939 மே மாதம் ஹாம்பர்கிலிருந்து 937 பயணிகளோடு புறப்பட்ட 'செயின்ட் லூயிஸ்' கப்பலை ஹவானா துறைமுகம் ஏற்க மறுத்தபோது, லெம்லி அதிபர் ரூஸ்வெல்ட்டுக்குத் தந்தியடித்து வேண்டினார். கப்பல் ஐரோப்பாவுக்குத் திரும்பியது.

டிரஸ்டோடு அவர் நடத்திய போரில் எதிரி ஒரு நிறுவனம், நீதிமன்றம் இருந்தது, இறுதியில் தீர்ப்பும் வந்தது. ஒதுக்கீட்டுச் சட்டத்தை எதிர்த்து வழக்காட எந்த மேடையும் இல்லை. ஒவ்வொரு பெயராக, ஒவ்வொரு குடும்பமாக, பத்திரம் பத்திரமாகத்தான் அதைக் கடக்க முடிந்தது.

இறப்பும் பிறகும்

1939 செப்டம்பர் 24 அன்று, போர் மூண்டு மூன்று வாரத்தில், பெவர்லி ஹில்ஸ் இல்லத்தில் மாரடைப்பால் லெம்லி இறந்தார். வயது 72. கிழக்கு லாஸ் ஏஞ்சல்ஸிலுள்ள ஹோம் ஆஃப் பீஸ் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டார். அவருடைய உறவினர்களான மேக்ஸ், கர்ட் லெம்லி சகோதரர்கள் 1938இல் தொடங்கிய லெம்லி திரையரங்குகள் லாஸ் ஏஞ்சல்ஸில் பிறமொழிப் படங்களுக்கும் கலைப்படங்களுக்கும் நெடுங்காலம் இடம் தந்தன.

1931இல் ஆங்கிலக் கவிஞர் ஜான் டிரிங்க்வாட்டர் எழுதிய வாழ்க்கை வரலாற்று நூல் லெம்லியைத் தொழிலதிபராகக் கொண்டாடுகிறது. பத்திரங்களின் காலம் அதற்குப் பின்னால் வந்தது. அந்தப் பகுதியை வெளிக்கொண்டு வந்ததில் பெரும்பங்கு லௌப்ஹைமைச் சேர்ந்த ஆசிரியர் உடோ பாயருக்கு உண்டு. தூதரகமும் வெளியுறவுத் துறையும் லெம்லியோடு நடத்திய கடிதப் போக்குவரத்தை ஆராய்ந்து அவர் 1998இல் கட்டுரை வெளியிட்டார். லௌப்ஹைமின் உயர்நிலைப் பள்ளி 1994 முதல் கார்ல் லெம்லியின் பெயரைத் தாங்குகிறது. 2017 முதல் ஜெர்மன் தயாரிப்பாளர் கூட்டமைப்பும் நகரமும் சேர்ந்து அவர் பெயரில் தயாரிப்பாளர் விருது வழங்குகின்றன. முதல் விருது ரோலண்ட் எம்மரிக்குக் கிடைத்தது. ஊரின் பழைய கோட்டை மாளிகையில் கிறித்தவர்களும் யூதர்களும் சேர்ந்து வாழ்ந்த வரலாற்றுக்கு ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. லெம்லியின் வாழ்க்கைக்கு அதில் தனிப் பகுதி உண்டு.

லௌப்ஹைமில் எஞ்சியிருந்த யூதர்கள் 1941, 1942 ஆண்டுகளில் தொகுதி தொகுதியாகக் கிழக்கே அனுப்பப்பட்டார்கள். கடைசித் தொகுதி 1942 ஆகஸ்டில் ஊரைவிட்டுப் போனது. லெம்லியின் கையெழுத்தால் கப்பலேறியவர்கள் அப்போது நியூயார்க்கிலும் சிகாகோவிலும் லாஸ் ஏஞ்சல்ஸிலும் வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.